இரையும் தரையும்

நம் கவிதையில் பாம்புக்குப் பசித்ததாக நான் படித்த நினைவு இல்லை. அது நெளிகிறது, சீறுகிறது, சட்டை உரிக்கிறது. காமமாக இருக்கிறது, காலமாக இருக்கிறது, முதுகுத்தண்டின் அடியில் சுருண்ட சக்தியாக இருக்கிறது. விழுங்கினாலும் சந்திரனைத்தான் விழுங்குகிறது. பாம்பு, புற்று, நிழல் ஆகிய மூன்றையும் தடை செய்துவிட்டால் நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை கவிதைகள் மிஞ்சும் என்று ஒருமுறை ஒரு நண்பரிடம் கேட்டேன். அவரும் கவிதை எழுதுகிறவர். பதில் சொல்லவில்லை.

மேற்கத்தியக் கவிதையிலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதல்ல. டி. எச். லாரன்ஸின் 'பாம்பு' 1923இல் வந்த தொகுதியில் இருக்கிறது. அதில் பாம்பு தண்ணீர் குடிக்க வருகிறது. ஒரு ஜந்து தன் தேவைக்காகக் கவிதைக்குள் வருவதே பெரிய விஷயம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கும் கடைசியில் பாம்பு போய்விடுகிறது, மனிதனும் அவனுடைய குற்ற உணர்வும்தான் மிஞ்சுகின்றன. குடித்த தண்ணீர் என்ன ஆயிற்று என்பதில் கவிதைக்கு அக்கறை இல்லை.

நான் எழுத வந்தது ஒரு பாம்பு சாப்பிடுவதைப் பற்றி. அது எதையும் குறிக்கவில்லை. குறிக்கவிடாமல் அதைப் பார்க்க முடியுமா என்பதுதான் என் பிரச்னை.

2022 அக்டோபரிலிருந்து அடுத்த மார்ச் வரை இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில், மகள் வீட்டில் இருந்தேன். பேத்திக்குப் பதின்மூன்று வயது. அவளிடம் நான்கடி நீளமுள்ள ஒரு பாம்பு இருந்தது. 'கார்ன் ஸ்நேக்' என்பார்கள். சோளப் பாம்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி அதன் பூர்வீகம். விஷமில்லாதது. லின்னேயஸ் 1766இலேயே அதற்கு லத்தீன் பெயர் சூட்டிவிட்டார். சோளக் களஞ்சியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், அதனால் அந்தப் பெயர் என்பது ஒரு விளக்கம். அடிவயிற்றின் கட்டம் கட்டமான கோலம் சோளக்கதிர் மாதிரி இருப்பதால் என்பது இன்னொன்று. வளர்ப்பில் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். பேத்தி அதற்கு 'மிளகாய்' என்று பெயர் வைத்திருந்தாள். சிவப்பு, மெலிவு, அவளுக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை என்று மூன்று காரணங்கள்.

மகளுக்குப் பாம்பு என்றால் பயம். மருமகனுக்கு வேலை. இரை போடும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆக, சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. என்னை அவள் அப்புச்சி என்று அழைப்பாள். அதற்கு மேல் அவளுடைய தமிழ் நகராது. என் ஆங்கிலம் கூட்டுறவுத் துறையில் முப்பது வருஷம் கோப்பு எழுதிய ஆங்கிலம், வீட்டுக்குள் நகராது. இரண்டு பேரும் பெட்டியின் முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்போம்.

அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மின்சாரமும் எரிவாயுவும் தாங்கமுடியாத விலையில் இருந்தன. நாங்கள் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டோம். பாம்புப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் முப்பது டிகிரி. இது செல்லம் அல்ல. பாம்பு தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து வாங்குகிறது. சூடு கிடைக்காவிட்டால் விழுங்கியது வயிற்றில் செரிக்காமல் கிடக்கும், வெளியேயும் வந்துவிடும். மறுமூலை இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எங்கே இருப்பது என்று பாம்பு தீர்மானித்துக்கொள்ளும்.

பெட்டியின் தரை நான்கு விரற்கடை ஆழத்துக்கு மரச்சீவல். ஆஸ்பென் என்ற மரம். தச்சுப்பட்டறையில் இழைப்புளியிலிருந்து உதிருவதைவிடப் பொடி, வெளுப்பு, வாசமற்றது. வாசமற்றது என்பது முக்கியம். சிடார் மரத்தின் நறுமண எண்ணெய் நமக்கு இதம், பாம்புக்குக் கேடு. மரச்சீவலுக்குள் மிளகாய் சுரங்கம் தோண்டிக்கொள்ளும். பகல் முழுக்க அதற்குள் மறைந்திருக்கும். சமயத்தில் சீவலுக்கு நடுவே ஒரு மூக்கும் இரண்டு கண்களும் மட்டும் தெரியும். செய்தித்தாள் விரித்தால் போதாதா என்று கேட்டேன். போதும், பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், சுத்தம் செய்வதும் சுலபம். ஆனால் செய்தித்தாளுக்குள் புதைந்துகொள்ள முடியாது. மறைந்துகொள்ள வழியில்லாத பாம்பு நிம்மதியாக இருக்காது, சரியாகச் சாப்பிடவும் சாப்பிடாது. ஆக, உதிரியான தரை அதற்குத் தேவை. அதே தரைதான் அதற்கு ஆபத்தும்.

ஆபத்து எங்கே என்று புரிய வேண்டுமானால் வாயைப் பார்க்கவேண்டும். பாம்பின் கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்புறத்தில் எலும்பாகச் சேர்ந்திருப்பதில்லை. இழுபடும் தசைநார்தான் இணைப்பு. பற்கள் அனைத்தும் தொண்டையை நோக்கி வளைந்தவை. மெல்லுவதற்குப் பயன்படாது, பிடித்துக்கொள்வதற்கு மட்டும். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்க மறுபக்கம் ஒரு அடி முன்னேறும்; பிறகு அது பிடித்துக்கொள்ள இது முன்னேறும். பாம்பு இரையை உள்ளே இழுக்கிறது என்று நினைத்திருந்தேன். அது தன் தலையை இரையின் மேல் நடத்திச் செல்கிறது என்பதுதான் சரியான வர்ணனை. வாய் முழுக்க அடைத்திருக்கும்போது மூச்சுக்குழாயின் வாயை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு சுவாசிக்கும். எல்லாம் சரி. ஆனால் இந்த வாய்க்குக் கை இல்லை. ஒட்டியிருப்பதைத் தட்டிவிட முடியாது, பின்னோக்கி வளைந்த பற்களிலிருந்து பிடித்ததைத் திருப்பித் துப்புவதும் எளிதல்ல. இரையோடு எது ஒட்டியிருக்கிறதோ அதுவும் சேர்ந்து உள்ளே போகும்.

இரை, உறைந்த சுண்டெலி. கடையில் அளவுவாரியாக விற்கிறார்கள். முடி முளைக்காத குஞ்சு, ரோமம் அரும்பியது, துள்ளத் தொடங்கியது, வளர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. பாம்பின் உடம்பு எங்கே அதிகப் பருமனோ அந்தப் பருமன் எலிக்கு இருந்தால் சரி; சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். மிளகாய்க்குப் பத்து நாளைக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. எங்கள் வசதிக்கு ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை. முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் ஒரு பையில் போட்டு வெந்நீரில் அமிழ்த்தி, உயிருள்ளதன் சூட்டுக்குக் கொண்டுவரவேண்டும். மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. ஒருபக்கம் வெந்து ஒருபக்கம் உறைந்திருக்கும், வெடித்தும் போகும். உயிருள்ள எலியைப் போடுவதும் தவறு. எலிக்குச் சித்திரவதை என்பது ஒன்று. மூலையில் அகப்பட்ட எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் என்பது மற்றொன்று.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை. மருமகன் அவசரத்தில் இருந்தார். பை ஒழுகி எலி நனைந்திருந்தது. துடைக்காமல் அப்படியே மரச்சீவல் மேல் போட்டுவிட்டு வெளியே கிளம்பினார். பாம்பு வந்தது. நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. நாக்கு காற்றிலிருந்து துகள்களை எடுத்துக்கொண்டுபோய் மேலண்ணத்தில் இருக்கும் ஒரு உறுப்பிடம் ஒப்படைக்கிறது. பாம்பின் முகர்தலில் பெரும்பங்கு அங்கேதான். எலியின் வாசனை தெரியும் அதற்கு, மரச்சீவலின் தகுதியின்மை தெரியாது. கவ்வியது. செத்த எலியையும் மூன்று சுற்றுச் சுற்றி நெரித்தது. (சுற்றி நெரிப்பது மூச்சை நிறுத்துவதற்கு என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். போவா பாம்புகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. நெரித்த சில வினாடிகளிலேயே இரையின் ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது என்று அது காட்டியது.) புரண்டதில் நனைந்த எலியின் மேல் சீவல் முழுக்க அப்பிக்கொண்டது, தேங்காய்த் துருவலில் புரட்டியது போல.

பாதி விழுங்கியபோது நின்றுவிட்டது. ஈர்க்குச்சி நீளத்துக்கு ஒரு சிராய் வாயின் ஓரத்தில் குறுக்காகச் சிக்கியிருந்தது. பாம்பு தலையை ஒருபக்கம் சாய்த்தது, மறுபக்கம் சாய்த்தது. பிறகு அசையவில்லை. பாம்புக்கு முகபாவம் கிடையாது. வலிக்கிறதா என்று கேட்க அதன் முகத்தில் இடமே இல்லை. என் கை தானாகப் பெட்டியின் மூடியை நோக்கிப் போனது.

"அப்புச்சி, தொடாதீங்க" என்றாள் பேத்தி.

தமிழில் சொன்னாள். அவசரத்தில் அவளுக்கு ஆங்கிலம் வராமல் தமிழ் வந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த நிலையில் இழுத்தால் பற்கள் பெயரும், ஈறு கிழியும். கிழிந்த ஈற்றில் சீழ் பிடித்தால் வாயழுகல். விழுங்கிக்கொண்டிருக்கும் பாம்பைத் தொட்டாலே மிரண்டு எல்லாவற்றையும் கக்கிவிடக்கூடும். கக்குவது அதன் தொண்டைக்கும் வயிற்றுக்கும் பெரிய சேதம். காத்திருப்பதைத் தவிர வேறு சிகிச்சை அந்த நேரத்தில் கிடையாது. விழுங்கி முடித்தபின்னும் சிராய் அங்கேயே நின்றால் வைத்தியரிடம் போகவேண்டும்.

பதினோரு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி செய்யக் கூடாது என்று தெரிந்துகொண்டே உதவி செய்யும் தூரத்தில் உட்கார்ந்திருப்பது கஷ்டமான காரியம். மகளும் நானும் பல வருஷம் அப்படி இருந்திருக்கிறோம் என்று ஒரு எண்ணம் வந்தது. அதைத் தள்ளிவிட்டேன். இப்படித்தான் பாம்பு கண்ணெதிரே இருக்கும்போதே காணாமல்போகிறது. பிறகு பாம்பு வாயை அகலத் திறந்தது, கீழ்த்தாடையின் இடப்பாதி தனியாக வெளியே நகர்ந்தது, சிராய் சாய்ந்து விழுந்தது. எலியின் வால் உள்ளே போகும்வரை இருவரும் பேசவில்லை.

அன்று இரவு ஆலோசனை நடந்தது. பாம்பு வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சிகள். இரை போடும்போது பாம்பை வேறொரு வெறும் பெட்டிக்கு மாற்றவேண்டும் என்பது பழைய கட்சி. அங்கே சீவல் இல்லை, ஒட்டாது. தவிர, சொந்தப் பெட்டிக்குள் கை வரும்போதெல்லாம் இரை வருகிறது என்று பாம்பு நினைத்துக் கடிக்காது. இந்த இரண்டாவது வாதம் பாம்பைக் குமாஸ்தா மாதிரி பாவிக்கிறது என்கிறது புதிய கட்சி. பெட்டியைத் திறக்கிற நேரங்களில் பெரும்பாலும் தண்ணீர் மாற்றவும் சுத்தம் செய்யவும்தான் திறக்கிறோம். கை என்றால் இரை என்று அது எப்படிக் கற்கும்? தூக்கி மாற்றுவதே பாம்புக்குக் கலவரம். கலவரப்பட்ட பாம்பு இரையை மறுக்கும். தின்று முடித்த பாம்பைத் தூக்கித் திரும்பக் கொண்டுவருவது அதைவிட மோசம். இரண்டு நாளாவது அதைக் கையில் எடுக்கக்கூடாது.

நான் புதிய கட்சியில் சேர்ந்தேன். பாம்பை மாற்றவேண்டாம், தரையை மாற்றுவோம். முழுத் தரையை அல்ல, இரை விழும் ஒரு சாண் இடத்தை. அந்த ஊர்ப் பழைய வீடுகளின் கூரையில் சிலேட்டுக் கல் வேய்ந்திருப்பார்கள். தோட்டத்து மூலையில் உடைந்த கல் ஒன்று கிடந்தது. கழுவி, கொதிநீர் ஊற்றி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, பெட்டிக்குள் வைத்தோம். நான் அ, ஆ எழுதிப் படித்தது சிலேட்டில்தான் என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

மீதி வேலைகள் எளிது. எலியைச் சூடேற்றியபின் காகிதத் துணியால் ஈரம் போக ஒற்றவேண்டும், முக்கியமாக முகத்தை. பாம்பு பெரும்பாலும் தலையிலிருந்துதான் தொடங்கும். நீண்ட இடுக்கியால் பிடித்துக் கல்லின் மேலாகக் காட்டவேண்டும். கவ்விச் சுற்றும்போது சீவலுக்குள் உருண்டால் பதறவேண்டியதில்லை. உலர்ந்த எலியில் அதிகம் ஒட்டாது. இரண்டொரு துணுக்கு உள்ளே போனாலும், குடிக்கத் தண்ணீரும் வயிற்றுக்குச் சூடும் உள்ள ஆரோக்கியமான பாம்பு அதைக் கழித்துவிடும். பயப்படவேண்டியது வாய்கொள்ளாமல் போவதற்கும், கூரான சிராய்க்கும், குடலில் மணல்போல் அடைத்துக்கொள்வதற்கும். வயிறு ஓரிடத்தில் புடைத்து, கழிவும் வராவிட்டால் வைத்தியர். எல்லாம் முடிந்தபின் இருவரும் கை கழுவவேண்டும். பாம்பின் உடம்பில் நம் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கும்.

டிசம்பரில் மரச்சீவலுக்குப் பதில் வேறொன்று போட்டுப் பார்க்கலாம் என்று கடையிலிருந்து ஒரு கட்டி வாங்கிவந்தார்கள். செங்கல் மாதிரி, அறுநூற்றைம்பது கிராம். வாளித் தண்ணீரில் போட்டதும் பலமடங்கு ஊதிப் பொலபொலவென்று உதிர்ந்தது. வாசனையில் கண்டுகொண்டேன். தேங்காய் நார்த்தூள். நான் பொள்ளாச்சிப் பக்கத்தில் வேலை பார்த்தபோது நார் ஆலைகளின் பின்னால் இது குன்று குன்றாகக் கிடக்கும். மழையில் கறுத்த நீர் வடியும். யாருக்கும் வேண்டாத கழிவு. இப்போது அதை அழுத்திக் கட்டிகளாக்கிக் கப்பலேற்றுகிறார்கள், செடிக்கும் பாம்புக்கும். பேத்தியிடம் இது எங்கள் ஊர் மண் மாதிரி என்று சொல்ல முயன்றேன். அது மண் இல்லையே, நார்தானே என்றாள். சரிதான்.

எங்கள் ஊரில் பாம்புக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? புற்றில் பால் ஊற்றினோம், முட்டை வைத்தோம். பாம்பு பால் குடித்து வாழும் ஜீவன் அல்ல. தாகத்தில் வாடவிட்ட பாம்பு எதிரே வைத்த பாலை உறிஞ்சும், அது வேறு. பாலில் புற்று ஊறும், எறும்பு வரும். கொடுப்பவர் மனம் நிறையும். இதைப் பகுத்தறிவுப் பிரசாரமாகச் சொல்லவில்லை. புற்றின் முன் நின்ற என் தாயின் முகத்தில் இருந்த பயபக்தி பொய்யல்ல. ஆனால் அந்தப் படையலில் உண்பவரைப் பற்றிய விசாரணை எதுவும் இல்லை. வாங்குகிறவருக்கு வாய் எப்படி இருக்கிறது, எதை விழுங்க முடியும், எந்தத் தரையில் வைத்தால் விழுங்கும் என்ற கேள்விகள் இல்லை.

அந்த ஜனவரி 25ஆம் தேதி பத்மஸ்ரீ பட்டியல் வந்தது. அதில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு பெயர்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், பாம்பு பிடிப்பவர்கள். பாம்புத் தோல் வியாபாரம் 1970களில் சட்டத்தால் நின்றபின், இருளர்களுக்காக வடநெம்மேலியில் 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வேலை நிமித்தம் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். மண்பானைகளில் மணல், அதன்மேல் பாம்பு, வாயில் துணிக்கட்டு. சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பைப் பெட்டியில் இருபது வருஷம் வைக்கும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். இந்த இருவரையும் 2017இல் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே வீட்டில் வளர்த்துத் தப்பியும் தப்பவிட்டும் பெருகிய பர்மியப் பைதான்கள் அந்த நாட்டு ஜந்துக்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முதல் எட்டு நாட்களில் பதின்மூன்றைப் பிடித்தார்கள். தடம் பார்த்து, புல் சாய்ந்திருக்கும் விதம் பார்த்துப் பிடித்தார்கள்.

இதைப் பேத்திக்குச் சொன்னபோது முதல்முறையாக அவள் என் தமிழைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். மிளகாயின் நாடும் ஃப்ளோரிடாப் பக்கம்தான். அதை அங்கேயே விட்டிருக்கலாம் இல்லையா என்று கேட்டாள். இது பெட்டியில் பிறந்தது, இனி விட்டால் சாகும் என்றேன். அப்படியென்றால் பெட்டியில் பிறக்கவைத்தது யார் என்றாள். இந்தக் கேள்விக்கு அங்குள்ள 2006ஆம் வருஷத்து மிருக நலச் சட்டத்தில் பதில் இல்லை. வைத்திருப்பவன் அதற்குத் தகுந்த இடமும் உணவும், அதன் சுபாவப்படி நடந்துகொள்ள வாய்ப்பும் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வைத்திருப்பது ஏன் என்று கேட்பதில்லை. எலிகளைப் பற்றியும் அவளுக்குக் கேள்வி இருந்தது. அவை இதற்கென்றே வளர்க்கப்பட்டு, பெரும்பாலும் கரியமில வாயுவில் கொல்லப்படுகின்றன. ஒரு சிவப்புப் பாம்பு அழகாக இருப்பதற்கு இருபது வருஷத்தில் எத்தனை எலிகள் என்று காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஐந்நூறுக்கு மேல் வந்தது. காகிதத்தைப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டிவைத்தாள். அது இன்னும் இருக்கிறது என்று மகள் சொல்கிறாள்.

ஞாயிறுகளில் அவள் ஒரு தமிழ் வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கே பாட்டு, நாட்டியம், தமிழின் பழமை. போகும்போதும் வரும்போதும் ஒரே முகம். பெட்டியின் முன்னால் நிலைமை வேறு. பாம்பு செய்வதற்கெல்லாம் அவளுக்கு வினைச்சொல் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அவள் 'கடித்தது' என்பதற்கு நான் 'கவ்வியது' என்பேன். வித்தியாசம் கேட்பாள். நாய் கடிக்கும், பூனை குட்டியைக் கவ்வும் என்பேன். நெளி, சுருள், புரள், நெரி, விழுங்கு, கக்கு, உரி. மார்ச்சுக்குள் முப்பது வினைச்சொற்கள் இருக்கும். ஒன்றைக்கூட நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கேட்டு வாங்கினாள். இரை எப்படி வாங்கப்படுகிறதோ அப்படி என்று இங்கே எழுத வருகிறது. எழுதிவிட்டால் இத்தனை பக்கமும் பாம்பைக் காப்பாற்றி வந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். மொழி வேறு, எலி வேறு. எலி செத்தது.

ஊருக்குத் திரும்பியபின் ஒவ்வொரு முறை இரை போட்டதும் கைபேசியில் ஒரு செய்தி அனுப்புகிறாள். தமிழ் எழுத்தில், ஒற்றைச் சொல்: 'கவ்வியாச்சு.' போன முறை வந்தது வேறு மாதிரி இருந்தது: 'கவ்வல. கண்ணு நீலம்.' பாம்பின் கண்மேல் நீலம் படர்ந்தால் சட்டை உரிக்கப்போகிறது, பசி இருக்காது. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். எலியைத் திரும்ப உறையவைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு, ஒரு வாரம் பொறு என்று பதில் எழுதினேன்.